பிராதும் ராஜினாமாவும்: பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே

(கம்மாபுரத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில இங்கே விடப்பட்டுள்ளன.)

பின்னால் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே!

முன்வரிசையில் ஆறேழு நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. ‘அது சாருங்களுக்கு’ என்று நினைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். அப்படி யாரும் உங்களிடம் சொல்லவில்லை. உட்காருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. நான் பேச வந்ததும் ஏறக்குறைய இதைப் பற்றித்தான். வாருங்கள், வந்து உட்காருங்கள். பிறகு தொடங்குகிறேன்.

அறக்கட்டளையின் அமைப்பாளர்கள் எனக்கு அனுப்பிய கடிதத்தில், ‘பள்ளிகளுக்குள்ளும் பெற்றோருடனும் தகவல் தொடர்பை மேம்படுத்துதல்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். ஆசிரியப் பயிற்சியிலேயே காலம் கழித்தவன் நான். இதே தலைப்பில் எத்தனையோ பயிற்சிகள் நடத்தியிருக்கிறேன். சார்ட் ஒட்டுவோம், ஸ்கெட்ச் பேனாவால் அம்புக்குறி போடுவோம், மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிடுவோம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் எப்ஸ்டைன் என்ற அம்மையார், பெற்றோர் பள்ளியோடு சேர்ந்து நிற்கும் விதங்களை ஆறாக வகுத்துச் சொன்னவர். அதில் ஒன்று தகவல் பரிமாற்றம். பள்ளியிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்கு என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அவர் எழுதினார். நாங்கள் சார்ட்டில் போட்ட அம்புகள் எல்லாம் பள்ளியிலிருந்து வீட்டுக்குத்தான் போயின. ஓய்வு பெற்று, பழைய சார்ட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்த நாளில்தான் அது என் கண்ணில் பட்டது.

எனவே தலைப்பை நானே சுருக்கிக்கொள்கிறேன். நம் பள்ளிகளில் தகவலுக்குப் பஞ்சம் இல்லை. சுற்றறிக்கை இருக்கிறது, குறுஞ்செய்தி இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, செயலி இருக்கிறது, 14417 என்ற உதவி எண் இருக்கிறது. பஞ்சமெல்லாம் பதிலுக்குத்தான். வீடு என்ன சொன்னது, அதற்குப் பள்ளி என்ன செய்தது என்பதை எழுதிவைக்கும் பழக்கம் நமக்கு இல்லை. எழுதிவைக்காததால் அது மேலேயும் போவதில்லை, பக்கத்துப் பள்ளிக்கும் போவதில்லை, கேட்டவருக்கும் திரும்பி வருவதில்லை. இந்த ஒன்றைத்தான் இன்று ஆறு துண்டாகச் சொல்லப்போகிறேன்.

1. கொளஞ்சியப்பர் சந்நிதியில்

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகாதவர்கள் இந்த அவையில் அதிகம் இருக்க மாட்டீர்கள். அச்சில் படிக்கப்போகும் வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே கொளஞ்சியப்பராக இருக்கும் முருகனுக்கு உருவம் கிடையாது, பலிபீடம் போன்ற சுயம்பு. அந்தக் கோயிலின் விசேஷம் பிராது கட்டுவது. குறை உள்ளவர் ஒரு தாளில் தன் ஊர், பேர், தனக்கு நேர்ந்தது, தனக்கு வேண்டியது எல்லாவற்றையும் கொளஞ்சியப்பருக்கு மனுவாக எழுதுவார். அதைச் சந்நிதியில் வைத்து எடுத்து, விபூதியோடு சிறு பொட்டலமாக மடித்து, நூல் சுற்றி முனியப்பர் சந்நிதியில் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வருவார். மனுதாரரின் ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்து ஒரு சிறு தொகையும் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் குறை தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் மறுபடி வந்து, இன்ன தேதியில் நான் கட்டிய பிராது தீர்ந்தது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ‘ராஜினாமா’ எழுதித் தர வேண்டும்.

நான் இங்கே பக்தி பேச வரவில்லை. அலுவலக நடைமுறையாக மட்டும் இதைப் பாருங்கள். மனு யாருக்கு என்பது தெளிவு. மனுதாரர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பது கணக்கில் இருக்கிறது. தவணை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிந்தது என்று எழுதும் உரிமை மனு வாங்கியவரிடம் இல்லை, மனுப் போட்டவரிடம் இருக்கிறது. எத்தனையோ அரசு அலுவலகங்களில் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று கோப்பை மூடுபவர் அலுவலரே. இந்த வட்டாரத்துச் சனங்களுக்கு இதைவிட மேலான முறை ஒன்று கைவந்திருக்கிறது. எழுதத் தெரியாத ஆயா கூட இன்னொருவரை எழுதச் சொல்லி அதைச் செய்கிறார்.

நம் கடலூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு தாய் ஜூன் மாதம் வகுப்பு ஆசிரியையிடம் வந்து சொன்னார். ஜூலையில் இன்னொரு முறை சொன்னார். ஆகஸ்டில் சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் மகள் காலை எட்டரை மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

இதில் யாரைத் திட்டுவது என்று பார்த்தால் ஆள் கிடைக்கவில்லை. ஆசிரியை தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவின் ஜூலைக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டிருக்கிறார். பராமரிப்புப் பணம் வரவில்லை, வந்ததும் செய்யலாம் என்று காத்திருந்தார். இவ்வளவும் நடந்தது அந்தத் தாய்க்கு மட்டும் தெரியாது. பின்னால் நான் அவரைப் பார்த்தபோது சொன்னார்: “எங்க கொழுந்தனாரு தச்சு வேலதான் சார் செய்யறாரு. காசு வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அர நாள்ல வந்து போட்டுக் குடுத்திருப்பாரே.”

தாழ்ப்பாளும் திருகாணியும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் அடங்கும். வழியில் நின்றுபோனது அந்த ஒரு வார்த்தை.

2. ‘சார்பு’ என்று முடியும் மொழி

இப்போது மேலிருந்து கீழே வருவோம். சென்னையில் இயக்குநர், கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலர், அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழே வட்டாரக் கல்வி அலுவலர், பள்ளியில் தலைமையாசிரியர். 2018-இல் அரசாணை 101 வந்தபோது இந்தப் படிகளை மாற்றி அடுக்கினார்கள். உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்ற பெயர் வட்டாரக் கல்வி அலுவலர் ஆனது அப்போதுதான். 2022-இல் அரசாணை 151 வந்து, தொடக்கக் கல்விக்குத் தனி, இடைநிலைக்குத் தனி, தனியார் பள்ளிகளுக்குத் தனி என்று மாவட்டக் கல்வி அலுவலர்களை மறுபடி பிரித்தது. நிர்வாகத்துக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் எந்த அடுக்கில் வைத்தாலும் தாள் இறங்கத்தான் செய்கிறது. ஏறும்போது அது புள்ளிவிவரமாக ஏறுகிறது: எத்தனை பேர், எத்தனை சதவீதம், இன்று மாலை 4 மணிக்குள்.

இறங்கும் தாளின் மொழியைப் பாருங்கள். ‘பொருள்: பள்ளிக் கல்வி – பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் – நடத்துதல் – அறிவுரைகள் வழங்குதல் – சார்பு.’ அதற்குக் கீழே ‘பார்வை’ என்று நான்கு கடிதங்கள். அலுவலகத்துக்குள் இந்த மொழிக்கு வேலை இருக்கிறது. நாளைக்குத் தணிக்கை வந்தால் எது எதன் பேரில் நடந்தது என்று காட்ட வேண்டும். சிக்கல் எங்கே என்றால், இந்த மூன்று பக்கத் தாள் இரவு 9.40-க்கு அப்படியே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம். அம்மா அதைத் திறக்கிறார், எழுத்து எறும்பு மாதிரித் தெரிகிறது, மூடிவிடுகிறார். தலைமையாசிரியரின் பதிவேட்டில் ‘பெற்றோருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது.’

அந்த அம்மாவுக்கு வேண்டியது இவ்வளவுதான்: “வர்ற வெள்ளிக்கிழமை சாயந்திரம் மூணு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. அரை மணி நேரம்தான் ஆகும். பாத்ரூம் கதவு விஷயம் பேசப்போறோம். வர முடியலன்னா என்ன சொல்லணுமோ அதப் பேசி அனுப்புங்க.” இதை ஆசிரியர் தன் குரலிலேயே பதிவுசெய்து போடலாம். படிக்கத் தெரியாத வீட்டிலும் கேட்பார்கள். ஆசிரியரின் குரல் அவர்களுக்குத் தெரிந்த குரல்.

முந்திரிக்காட்டு மணக்கொல்லையிலிருந்து எழுதும் கண்மணி குணசேகரன் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ என்று ஓர் அகராதியே தொகுத்துத் தந்திருக்கிறார். இந்த மண்ணில் புழங்கும் சொற்களுக்கு அப்படி ஒரு தனி அகராதி இருக்கிறது. வெளியூரிலிருந்து மாறுதலில் இங்கே வரும் ஆசிரியர்களுக்கு முதல் வாரத்தில் அதைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் பழைய ஆசை. “அம்மா கொல்லைக்குப் போயிருக்கு” என்று பிள்ளை சொன்னதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு முகம் சுளித்த ஓர் ஆசிரியரை எனக்குத் தெரியும். இங்கே கொல்லை என்றால் மானாவாரி நிலம், முந்திரித் தோப்பு. அந்தப் பிள்ளை தன் அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். வருஷத்தில் சில நாள் நம் தகவல் தொடர்பு மின்னல் வேகத்தில் நடக்கும். நவம்பர், டிசம்பரில் மழை விடுமுறை நாட்கள். கடலூர்க் கடற்கரையில் கொட்டுகிற மழை இங்கே தூறலாக இருக்கும், சில சமயம் தலைகீழாகவும் இருக்கும். ஆட்சியர் விடுமுறை அறிவித்தாரா, முழு மாவட்டத்துக்கா, சில வட்டத்துக்கு மட்டுமா என்று விடியற்காலை ஐந்தரை மணிக்கே ஆசிரியரின் போன் அடிக்கத் தொடங்கிவிடும். “லீவா சார்?” போன வருஷத்து அறிவிப்பைத் தேதியை வெட்டிவிட்டுப் போடுகிறவர்களும் உண்டு. அதையும் பத்து நிமிஷத்தில் யாராவது ‘பழசு’ என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஏன் இது நடக்கிறது? அன்றைக்குக் கேள்வி வீட்டிலிருந்து புறப்படுகிறது. பதில் சொல்லாமல் ஆசிரியர் தப்பிக்க முடியாது.

3. ‘அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா’

என் கதை ஒன்று சொல்ல அனுமதி வேண்டும். நான் படித்த பள்ளியின் பெயர் தேவையில்லை, அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளியும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு, மார்ச் மாதம். வகுப்பில் தூங்கினேன். கணக்கில் பதினெட்டு மதிப்பெண். “நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா.” அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். அம்மா வந்தார்.

முந்திரிக் கொட்டை உடைப்பவர்களின் கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, சொரசொரப்பாக இருக்கும். அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு அம்மா வேப்பமரத்தடியில் ஒரு பீரியட் முழுக்க நின்றார். ஆசிரியர் வந்து இரண்டு நிமிஷம் பேசினார். பையன் தூங்கறான், கணக்கு வரலை, இப்படியே போனா ஃபெயில்தான். அம்மா சொன்னது ஒரே வரி: “அடிச்சு சொல்லிக் குடுங்க சார்.” பிறகு கூலியில் அரை நாள் போச்சே என்று கணக்குப் போட்டபடி நடந்து போனார்.

நான் ஏன் தூங்கினேன் என்று அம்மாவுக்குத் தெரியும். மார்ச்சில் முந்திரிப் பழம் விழத் தொடங்கிவிடும். இருட்டு பிரிவதற்குள் போய்ப் பொறுக்காவிட்டால் அடுத்தவன் பொறுக்கிவிடுவான். நான் நாலு மணிக்கு எழுந்து அம்மாவோடு போய்க்கொண்டிருந்தேன். பரீட்சை முடியும் வரை பையனை அனுப்ப வேண்டாம் என்றோ, முதல் பீரியடில் கணக்கை வைக்க வேண்டாம் என்றோ இரண்டு பேரும் பேசி முடித்திருக்கலாம். ஆசிரியர் நல்லவர். எனக்குப் பின்னால் நோட்டு வாங்கித் தந்தவர் அவர்தான். ‘ஏம்மா, பையன் ராத்திரி சரியாத் தூங்கறானா’ என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கேட்காததைச் சொல்ல அம்மாவுக்கும் தோன்றவில்லை.

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் சொல் எப்போதும் பிராதாகவே போனால், வீடு அதைக் கேட்டு நடுங்கும், பதில் பேசாது. ஆசிரியரிடமிருந்து போன் வந்தாலே ‘என் புள்ள என்னா தப்பு செஞ்சான்’ என்று தொடங்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! ஆண்டின் முதல் அழைப்பு ஒரு நல்ல சேதியாக இருக்கட்டும் என்று பயிற்சிகளில் சொல்லியிருக்கிறேன். ‘உங்க பொண்ணு இன்னிக்கு வகுப்புல கதை சொன்னா, எல்லாரும் கைதட்டுனோம்.’ இப்படி ஓர் அழைப்புக்கு ஒரு நிமிஷம் ஆகாது. இதைக் கேட்டுப் போய் உண்மையாகவே செய்த ஆசிரியைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வருவதையும் பார்த்திருக்கிறேன்.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. பிழை செய்தால் அழைத்துச் சொல்லலாம் என்று சட்டம் எழுதவில்லை. முறையாகச் சந்திக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது.

வருகையைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பள்ளிகளில் 28,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. டாட் ராஜர்ஸ், அவி ஃபெல்லர் என்ற இருவர் செய்தது. உங்கள் பிள்ளை இந்த ஆண்டு மொத்தம் இத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்று வீட்டுக்குத் தபால் போட்டார்கள். அவ்வளவுதான். நீண்ட நாள் வராமல் நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து சதவீதமும் அதற்கு மேலும் குறைந்தது. பெற்றோர் மனதில் வைத்திருந்த கணக்கு குறைவு, உண்மையான கணக்கு அதிகம். இதில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று: மற்றப் பிள்ளைகள் எத்தனை நாள் விடுப்பு எடுத்தார்கள் என்று சேர்த்து எழுதிப் பார்த்தார்கள். அதனால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ‘பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு’ என்பது நம் ஊர்ப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து காலம் காலமாய் நம்பிவந்த மருந்து. அது வேலை செய்யாத மருந்து என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது.

4. எந்த எண்

இது சிறிய விஷயம், ஆனால் இங்கேதான் பாதிச் சேதி தொலைகிறது. 2024-இல் பள்ளிக் கல்வித்துறை, கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் இருக்கும் பெற்றோரின் கைபேசி எண்களை ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னது. நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. அந்தச் சமயம் ஒரு பள்ளியில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை போன் போடுகிறார்.

“அம்மா, ஸ்கூல்லேர்ந்து பேசறேன். உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க.”

“யாரு?”

“நான்தாம்மா டீச்சர். உங்க பையன் அஞ்சாவது.”

“ஓடிபி யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க டீச்சர். நீங்க டீச்சர்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த அம்மாவை எழுந்து நின்று வணங்கத் தோன்றியது. ஐந்து வருஷம் தன் பிள்ளை படிக்கும் பள்ளியின் ஆசிரியை குரல் அவருக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷத்தில் அந்தக் குரல் அவருக்கு ஒரு முறையும் போன் செய்ததில்லை. முதல் அழைப்பே எண் கேட்டு வந்தால் வேறு என்ன சொல்வார்?

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் இன்னும் புரியும். பல வீடுகளில் கொடுத்திருப்பது அப்பாவின் எண். அப்பா திருப்பூரிலோ கேரளத்திலோ வளைகுடாவிலோ இருப்பார். பள்ளி அனுப்பும் சேதி அங்கே போகும். பிள்ளை ஆயாவிடம் வளரும். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம் மாறிய குடும்பங்களில் முகவரியே பழையதாக இருக்கும். சேர்க்கைப் படிவத்தில் ‘பெற்றோர் எண்’ என்று ஒரு கட்டம் இருப்பது போதாது. ‘பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரை அழைக்கலாம்’ என்று கேட்டால் சரியான எண் கிடைக்கும். கேள்வியை மாற்றிப் பாருங்கள், வேறு எண் வரும்.

5. பக்கத்துப் பள்ளிக்குச் சொல்லாதது

இதுவரை வீட்டைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கும் பள்ளிக்கும் நடுவில் நிலைமை இதைவிட மோசம் என்று சொன்னால் தலைமையாசிரியர்கள் கோபிக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறது. சில ஊரில் இரண்டு பள்ளியும் ஒரே தெருவில் இருக்கும். பிள்ளையோடு மாற்றுச் சான்றிதழ் போகும். கணினியில் அதன் எண் பொதுத் தொகுப்புக்குப் போய் அங்கிருந்து புதுப் பள்ளிக்கு ஏறும். மாற்றுச் சான்றிதழில் பிள்ளையின் பிறந்த தேதி இருக்கும், அங்க அடையாளம் இருக்கும், வலது முழங்கையில் ஒரு மச்சம் என்று. ‘குணமும் நடத்தையும்’ என்ற கட்டத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ‘நன்று.’ என் வாழ்நாளில் அந்தக் கட்டத்தில் வேறு சொல்லை நான் பார்த்ததில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்தது எவ்வளவு! இடது காது சரியாகக் கேட்காது, வலப் பக்கம் உட்கார வைக்க வேண்டும். எழுத்துக் கூட்டத் தடுமாறுவான், மனக்கணக்கில் புலி. அம்மா இல்லை, பெரியம்மா வீட்டில் இருக்கிறான், அம்மாவைப் பற்றிக் கேட்டால் அழுவான். இதில் ஒன்றும் சான்றிதழில் போகாது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் அக்டோபர் மாதம் காதைக் கண்டுபிடிப்பார். அதுவரை அவன் ‘கூப்பிட்டா திரும்பாத பையன்.’ பத்து வருஷம் முன்பு ஒரு பயிற்சியில் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் இதைச் சொல்லி, “என்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே” என்றார். அதே அறையில் இருந்த உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், “நீங்க ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கலாமே” என்றார். இருவரும் மாதந்தோறும் ஒரே குறுவள மையக் கூட்டத்தில் உட்காருகிறவர்கள்.

இங்கே விருத்தாசலத்துப் பீங்கானைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வட்டாரத்தில் பீங்கானில் ப்யூஸ் கேரியரும் செய்கிறார்கள். மின்சாரம் தன்னைக் கடந்து போகாதபடி தடுப்பதுதான் அந்தப் பீங்கானின் வேலை. நம் அலுவலகங்களில் சில மேசைகள் அதே மண்ணில் செய்தவையோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். (அவையில் இதற்குச் சிரித்தவர்கள் எல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள்.)

நான் கேட்பது பெரிய படிவம் இல்லை. படிவம் என்றாலே ஆசிரியர்கள் ஓடுவார்கள், அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. மே மாதம் ஒரு நாள், ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் ஆறாம் வகுப்பு ஆசிரியரும் எதிரெதிரே உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயரைப் படித்துக்கொண்டே டீ குடிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு வரி போதும். பெற்றோர் வெளியே சொல்ல வேண்டாம் என்று சொன்னதைச் சொல்ல வேண்டாம். காதைச் சொல்லலாம்.

6. கடம்பத்தூரும் வெள்ளிக்கிழமையும்

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. காமராசர் முதல்வராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1958-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பிறகு அது மாநிலம் முழுக்க இயக்கமாகப் பரவியது. அதைப் பெரும்பாலும் நன்கொடை இயக்கமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பெஞ்சு வந்தது, கடிகாரம் வந்தது, நிலம் வந்தது. நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். ஆசிரியர்களும் ஊராரும் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். எதை யார் ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஊர் முன்னால் அறிவிக்கப்பட்டது. பட்டியலில் கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம். பணத்தைவிட எனக்கு அந்தப் பட்டியல் முக்கியம்.

இன்று அந்த இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேர் கொண்ட குழுக்களாக இவற்றைப் புதிதாக அமைத்தார்கள், தலைவர் பொறுப்பைத் தாய்மாருக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்க ஒரே நாளில் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்தார்கள். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கும் மாநிலம் இது. கூடிப் பேச நமக்கு இடம் நிறைய இருக்கிறது.

ஆனால் நான் பார்த்த வெள்ளிக்கிழமைக் குழுக் கூட்டங்கள் பலவற்றில் முதலில் நடப்பது கையெழுத்து. பிறகு தலைமையாசிரியர் தீர்மானத்தைப் படிப்பார். தலைவி தலையாட்டுவார். பிஸ்கட், டீ. போன மாதம் கேட்டது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். போன மாதம் யார் என்ன கேட்டார் என்பது எழுதப்பட்டிருந்தால் அல்லவா?

அதனால் விருத்தாசலம் கடைத்தெருவில் நீளமான ரிஜிஸ்டர் நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். நேற்று ராத்திரி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நான்கு கட்டம். முதலாவது தேதியும் சொன்னவர் பெயரும். இரண்டாவது அவர் சொன்னது, அவர் சொன்ன சொல்லிலேயே. ‘கழிவறைப் பராமரிப்புக் குறைபாடு’ என்று எழுதக் கூடாது, ‘பாத்ரூம் கதவுல தாப்பா இல்ல’ என்று எழுத வேண்டும். மூன்றாவது கட்டம் பள்ளி சொன்ன பதில், சொன்ன தேதியோடு. ‘பணம் வரவில்லை’ என்பதும் பதில்தான், ‘இது எங்களால் ஆகாது, மேலே எழுதியிருக்கிறோம்’ என்பதும் பதில்தான். அதை எழுதத் தலைமையாசிரியர் கூச்சப்பட வேண்டியதில்லை. நான்காவது கட்டத்துக்கு ‘ராஜினாமா’ என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். அதில் பள்ளிக்கூடத்துப் பேனா படக் கூடாது. குறை சொன்னவர் வந்து, தீர்ந்தது என்று கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டியும் நான்காவது கட்டம் காலியாக இருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். சதவீதம் கேட்டு வரும் படிவத்துக்குப் பதிலாக மாதம் ஒரு முறை அந்தப் பக்கம் மேலே ஏறட்டும். அலுவலர் நண்பர்கள் இங்கேயே இருக்கிறார்கள், முகத்தைப் பார்த்தால் மறுப்பதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு மாதக் கூட்டமும் கையெழுத்தில் தொடங்காமல், போன மாதப் பக்கத்தை உரக்கப் படிப்பதில் தொடங்கட்டும். தலைவி படிக்கட்டும். அவருக்கு எழுத்து வராவிட்டால் ஏழாம் வகுப்பு மகளைப் படிக்கச் சொல்லட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் சைகை காட்டுகிறார். சொற்பொழிவை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நோட்டின் முதல் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. முன்வரிசையில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா, கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வாசலில் பஸ்ஸைப் பற்றி என்னிடம் ஒன்று சொன்னீர்களே, அதை இப்போது மைக்கில் சொல்லுங்கள். மெதுவாகவே சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.